தார்ப்பாய்க்கு அடியில் எமில்

மவுண்ட் வெர்னன், வாஷிங்டன்
செப்டம்பர் 24

அன்புள்ள நதீன்,

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டாய் என்பது இந்தக் கோடையில் தெரிந்துவிட்டது. தபாலையாவது பிரிப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். பிரிக்காமல் குப்பையில் போட்டாலும், எழுதவேண்டியதை எழுதிவிட்டேன் என்று எனக்கு இருக்கும்.

உன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த வரியை எப்படி எழுதுவதென்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துப் போட்டேன். 'மண் வந்துவிட்டது' என்று எழுதினால் கடையில் சொல்லிவைத்து வாங்கியதுபோல இருக்கிறது. 'எமில் வந்துவிட்டார்' என்று எழுதினால் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நீ நினைக்கலாம். இரண்டும் உண்மைதான்.

ஜூன் மாதம் அவர் இறந்ததும் உடலைக் கொண்டுபோனவர்கள், இந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கும் முறைப்படி, மரச்சீவலும் வைக்கோலும் கால்நடைத் தீவனப் புல்லும் சேர்த்துக் கோடை முழுவதும் ஒரு பெரிய உருளைக்குள் வைத்திருந்தார்கள். இப்போது மண்ணாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிக்கப் வண்டி நிறைய இருக்கிறது. அவ்வளவு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. வண்டியில் வந்த பையன்களில் ஒருவன், "எங்கம்மா கொட்டணும்?" என்று கேட்டான். "கொட்டாதீங்கப்பா, இறக்குங்க" என்றேன். அவன் புரிந்துகொண்டான். தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாக இறக்கினான். வீட்டுக்கு முன்னால், கார் நிறுத்தும் இடத்தில், நீலத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் செங்கல் வைத்திருக்கிறேன்.

உனக்குத்தான் தெரியுமே, என் இடுப்பு மாற்றிவைத்த இடுப்பு. குனிந்து தோட்டவேலை செய்ய முடியாது. அதற்காக எமில் போன வசந்தத்தில் இடுப்பளவு உயரத்தில் மேட்டுப்பாத்திகள் கட்ட ஆரம்பித்தார். தேவதாருப் பலகையில் மூன்று முடித்தார். நாலாவதுக்கு அறுத்த பலகைகள் கொட்டகையில் சாய்த்தபடி இருக்கின்றன. அந்தப் பாத்திகளில்தான் தன்னைப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கே அக்டோபர் வந்தால் மழை நிற்காது. அதற்குள் பாத்திகளை நிரப்பி, இலை போட்டு மூடினால்தான் குளிர்காலத்தில் மண் அமர்ந்து வசந்தத்துக்குத் தயாராகும். விட்டால் தார்ப்பாய்க்கு அடியில் எல்லாம் சேறாகிவிடும். எமிலைச் சேறாக்க எனக்கு மனமில்லை.

உனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுது. ஒரு பெட்டியில் எடுத்துவைக்கிறேன்.

அர்லீன்

பி.கு: அவருடைய பெரிய ஸ்பானர் பெட்டி உனக்குத்தான். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.


ப்யூட், மோன்டானா
அக்டோபர் 1

அர்லீன்,

பிரித்தேன். படித்தேன். வண்டியில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன். பிறகு வேலைக்குப் போனேன். போனில் பேசினால் கத்துவேன். அதனால்தான் எடுப்பதில்லை. எழுதும்போது என் சத்தம் உங்களுக்குக் கேட்காது அல்லவா, அது உங்களுக்கு நல்லது.

'உனக்கு எவ்வளவு வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். கேக்கா அது? என் அப்பாவைத் துண்டு போட்டு விசாரிக்கிறீர்கள்.

நான் விமானம் பிடித்து அங்கே வந்தபோது சவ அடக்கம் இல்லை, சவப்பெட்டி இல்லை, முகம் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு மேசையில் காபியும் அவர் படமும் இருந்தன. "ஏற்கெனவே கொண்டுபோயிட்டாங்க, நதீன்" என்று சொன்னீர்கள். போனில் எனக்கு முன்பே சொன்னதாகவும், 'என்னமோ செஞ்சுக்கோங்க' என்று நான் வைத்துவிட்டதாகவும் சொன்னீர்கள். சொல்லியிருக்கலாம். அப்பா செத்துப்போன செய்தி வந்த அந்த நிமிஷத்தில் நீங்கள் என்ன சொன்னாலும் என் காதில் ஏறியிருக்காது.

இங்கே மலைச்சரிவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் என் அம்மாவின் கல்லை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் உங்களுக்கு இருந்ததில்லை. அது இரட்டைக் கல். இடப்பக்கம் மரீட்டா ருகாவினா, பிறந்த வருஷம், இறந்த வருஷம். வலப்பக்கம் எமில் ருகாவினா, பிறந்த வருஷம், ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பிறகு வெறும் கல். அம்மாவை இறக்கியபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நானும் இங்கதான் வருவேன். அவகிட்ட சொல்லிட்டேன், எடம் வச்சுக்கோன்னு" என்றார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. என் காதால் கேட்டேன்.

அம்மா இத்தனை வருஷமாக இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவர் உங்கள் வீட்டில் தக்காளிக்கு உரமாகப் போகிறார். அதையும் தின்பீர்களா?

ஒரு மண்வாரி கூடத் தொடாதீர்கள். எனக்குப் பெட்டி வேண்டாம். முழுதாக வேண்டும். வண்டியோடு வருகிறேன்.

நதீன்


மவுண்ட் வெர்னன்
அக்டோபர் 6

அன்புள்ள நதீன்,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. முதல் பாத்தியை நான் சனிக்கிழமையே நிரப்பிவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. வானிலை அறிக்கையில் ஞாயிறு முதல் மழை என்றார்கள். அடியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் பரப்பினேன். அதன்மேல் எமில் போன வருஷம் வெட்டிவைத்த ஆப்பிள் கிளைகள், காய்ந்த இலை, ஆள் வைத்துக் கொண்டுவந்த தோட்டத்து மண். அதற்கு மேல்தான் அவர். அப்படியே தனியாகப் போடக்கூடாது, சத்து அதிகம், வேறு மண்ணோடு கலந்துதான் போடவேண்டும் என்று அவரை மண்ணாக்கிய நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'சத்து அதிகம்.' அதைப் படித்து நான் கொஞ்சம் சிரித்தேன். உன் அப்பாவைப் பற்றி யாராவது இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்கிறார்களா?

அதனால் முழுதாக உனக்குத் தர முடியாது. காபியில் கலந்த சர்க்கரையை எப்படித் திருப்பித் தருவது? மிச்சம் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது. நீ எழுதிய பிறகு அதைத் தொடவில்லை. மழையும் வந்துவிட்டது. தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்குகிறது. காலையில் எழுந்ததும் துடைப்பக் கட்டையால் அடியிலிருந்து தூக்கி அதை வடியவிடுகிறேன்.

தின்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இல்லை. பூச்செடிதான் வைக்க நினைத்திருந்தேன். அவர் தக்காளி என்றுதான் சொன்னார். 'என்னத் தக்காளில போடு, ஒனக்குத் தக்காளின்னா உசுரு' என்று. என்னால் முடியாது என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

அவர் உன் அம்மாவிடம் சொன்னது எனக்குத் தெரியாது, நதீன். எங்களுக்குக் கல்யாணமாகி இருந்த ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அந்தக் கல்லைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் அவர் சொன்னது வேறு. ஏப்ரலில் டாக்டர் வீட்டிலிருந்து வரும்போது காரில் சொன்னார்: "ஒரு குழிக்குள்ள என்ன வச்சு மூடிராத, அர்லீன். வாழ்க்கை முழுக்க சுரங்கத்துல பூமிக்கு அடியில கெடந்தவன் நான். நீ தெனம் கைய வைக்கிற எடத்துல என்னப் போடு." நான் என்ன செய்யவேண்டும்? அவர் என்னிடம் சொன்னதைத்தானே நான் செய்ய முடியும்.

நீ வா. வண்டியோடு வா. ஆனால் முதல் பாத்தியைத் தோண்டாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அர்லீன்


ப்யூட்
அக்டோபர் 11

அர்லீன்,

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே டெனிஸ் இருக்கிறார். என் பள்ளிக்கூடத் தோழியின் அண்ணன். நான் பனி வாரும் வண்டி ஓட்டுகிற பாதையில்தான் அவர் வீடு. குளிர்காலத்தில் தன் வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போகிறேன் என்று என்னை எங்கே பார்த்தாலும் திட்டுவார்.

"அப்பாவ அம்மா பக்கத்துல வைக்கணும்" என்றேன்.

"சரி. பெட்டியா, சாம்பலா?"

"ரெண்டும் இல்ல. மண்ணு."

"என்ன மண்ணு?"

"அப்பாதான் மண்ணு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்ளோ இருக்காரு?"

"ஒரு பிக்கப் வண்டி நெறைய."

"எமில் அவ்ளோ குண்டு இல்லையே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பாவம், உடனே மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவர் சொன்னது இதுதான்: சவப்பெட்டி இல்லாததால் ஆழக் குழி தோண்டமாட்டார்கள். முழங்கால் ஆழத்துக்கு, கல்லுக்கு முன்னால் வலப்பக்கம் மட்டும் தோண்டித் தரலாம். அதில் ஒரு வண்டி மண் கொள்ளாது. பாதி கொள்ளும். அதையும் தரை உறைவதற்குள் செய்யவேண்டும். உறைந்துவிட்டால் ஏப்ரல் வரை எந்த இயந்திரமும் இறங்காது.

எனக்கு முழுதாக வேண்டும் என்று உங்களுக்கு எழுதிவிட்டு வந்தவள், பாதிக்குத்தான் இடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு திரும்பினேன். இதை உங்களுக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். மறைக்கத் தெரியாது எனக்கு. அந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் இந்தக் குடும்பத்தில் எனக்கு இன்னும் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும்.

சுரங்கத்தைப் பற்றி அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் பூமிக்கு அடியில் வேலை செய்தது நான் பிறக்கும் முன்பு. அதன்பிறகு மேலே, திறந்தவெளிச் சுரங்கத்தில், லாரி பழுதுபார்த்தார். ஆனாலும் அவர் குரலில்தான் அது இருக்கிறது. அதை நீங்கள் இட்டுக்கட்டவில்லை என்று தெரிகிறது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஒன்று கேட்கவேண்டும். கடைசி இரண்டு மூன்று நாளில் அவர் என்னைக் கேட்டாரா? உண்மையை மட்டும் எழுதுங்கள். ஆறுதலுக்காக எதையும் எழுதவேண்டாம்.

நதீன்


மவுண்ட் வெர்னன்
அக்டோபர் 16

அன்புள்ள நதீன்,

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை முதலில் சொல்லாவிட்டால் என்னால் வேறெதையும் எழுத முடியாது. நீ கோபப்படுவாய். படு.

பக்கத்து வீட்டு ஹால்வரை உனக்கு நினைவிருக்கும். காபி மேசையில் வெள்ளை மீசையோடு அழுதுகொண்டிருந்தாரே, அவர்தான். மண் வந்தபோது அவரும் அவர் மனைவி டோனாவும் ஊரில் இல்லை, மகன் வீட்டுக்கு ஸ்போகேன் போயிருந்தார்கள். போன வாரம்தான் திரும்பினார்கள். எமிலை எரித்துவிட்டார்கள் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நானும் விளக்கிச் சொன்னதில்லை. தெருவில் நின்று சொல்லக்கூடிய விஷயமா அது?

செவ்வாய்க்கிழமை நான் இடுப்பு டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பினால் தார்ப்பாய் ஒரு பக்கம் மடித்திருக்கிறது. குவியலில் ஒரு பள்ளம். ஹால்வர் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியோடு நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு.

"அர்லீன்! எங்க வாங்கின இந்த மக்கு உரத்த? கையில எடுத்தா பொலபொலன்னு விழுது. மழைல வீணாப் போகுதேன்னு ஒன் ரெண்டாவது பாத்தில பாதி போட்டுட்டேன். நீ எப்படி இந்த இடுப்ப வச்சுகிட்டு அள்ளுவ? கூலியா நான் ரெண்டு வண்டி எடுத்துகிட்டேன், பூண்டுக்கு. கோச்சுக்காத."

வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன, அர்லீன்? ரெண்டு வண்டி ஜாஸ்தியா?"

"ஹால்வர், அது எமில்."

"எமில் வாங்கி வச்சதா?"

"இல்ல. அது எமில்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கையுறைகூடப் போடவில்லை மனுஷர். பிறகு திரும்பித் தன் பூண்டுப் பாத்தியைப் பார்த்தார், அப்போதுதான் மண்ணைத் தட்டிச் சமன்செய்து வைக்கோல் போட்டு முடித்திருந்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். ஈர மண்ணில் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எமிலயா நான் மிதிச்சு மிதிச்சு சமன் பண்ணேன்?" என்றார்.

டோனா உள்ளேயிருந்து ஓடி வந்தாள், அவருக்கு மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டு. நான் விளக்கினேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பூண்டு சரியா வர்றதில்லன்னு எமில் எப்பவும் இவரக் கிண்டல் பண்ணுவாரே" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் வந்துவிட்டது. ஹால்வர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சமையலறைக் குப்பைவாரியும் ஒரு சின்னக் கைமண்வெட்டியுமாக, பூண்டுப் பாத்தியின் மேல்மண்ணை எல்லாம் வழித்து வாளி வாளியாக என் இரண்டாவது பாத்தியில் கொண்டுவந்து கொட்டினார். அவர் எடுத்ததைவிட அதிகம் வந்திருக்கும், அவருடைய மண்ணும் சேர்ந்து. "ஒரு பிடி கூட அங்க இருக்கக்கூடாது, அவரு மக கேப்பா" என்று சொல்லிக்கொண்டே செய்தார். நீ கேட்பாய் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். எமில் சொல்லியிருப்பார். உன்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லுவார், பெரிய வண்டி ஓட்டுகிறாள், பனிப்புயலில் முதல் ஆளாகப் போவாள் என்று.

ஆக, உன் அப்பா இப்போது முதல் பாத்தியில் ஒரு பங்கு, இரண்டாவதில் ஹால்வர் போட்டதும் பூண்டுப் பாத்தியிலிருந்து திரும்பி வந்ததும், மிச்சம் தார்ப்பாய்க்கு அடியில். ஏறக்குறைய பாதி இன்னும் தார்ப்பாயில் இருக்கிறது. டெனிஸ் சொன்ன குழிக்கு அது போதும் என்று நினைக்கிறேன். கண்ணால் அளந்துதான் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இன்று முடியாது.

அர்லீன்


ப்யூட்
அக்டோபர் 20

அர்லீன்,

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் பிரித்தேன், உப்பு மணல் கொட்டும் கொட்டகையில், வண்டி நிரம்புவதற்காகக் காத்திருந்தபோது. 'எமிலயா நான் மிதிச்சு மிதிச்சு' என்ற இடம் வந்ததும் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சிரித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். மேற்பார்வையாளர் வந்து கண்ணாடியைத் தட்டி, "அழறியா?" என்று கேட்டார். அதையும்தான் செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது. செய்தி வந்த நாளிலிருந்து அழுதிருக்கவில்லை.

ஹால்வரிடம் சொல்லுங்கள், மகள் கேட்கவில்லை என்று.

இரண்டு நாளாக வண்டி ஓட்டிக்கொண்டே யோசிக்கிறேன். அப்பாவை யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். என் பட்டமளிப்பும் அவர் நண்பனின் மகன் கல்யாணமும் ஒரே நாளில் வந்தபோது இரண்டு பேரிடமும் வருகிறேன் என்று சொன்னார். இரண்டிலும் பாதி பாதி இருந்தார். இரண்டு பேருமே வருத்தப்பட்டோம். அம்மா அதற்காக அவரோடு சண்டை போடுவாள். "யாரையாச்சும் ஒருத்தர ஏமாத்திட்டுப் போ எமில், எல்லாரையும் அரைகொறையா ஏமாத்தாத" என்பாள். அம்மாவிடம் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. உங்களிடம் காரில் சொன்னபோதும் பொய் சொல்லவில்லை. அந்தந்த நேரத்தில் எதிரில் இருந்தவரைப் பார்த்து மனசார சொன்னார். அவ்வளவுதான் அவர்.

முழு உடம்பாக இருந்திருந்தால் இதில் ஒருவரிடம் சொன்ன வார்த்தை தவறியிருக்கும். நீங்கள் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் இது ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை விடியுமுன் கிளம்புகிறேன். சாயங்காலம் அங்கே இருப்பேன். படுக்கை எதுவும் விரிக்கவேண்டாம், சோபா போதும். மிச்சமிருக்கும் பாதிக்காக வண்டியில் சுத்தமான தார்ப்பாய் போட்டுக்கொண்டு வருகிறேன்.

நதீன்


மவுண்ட் வெர்னன்
அக்டோபர் 31

அன்புள்ள நதீன்,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று செய்தி அனுப்பியதற்கு நன்றி. மலைக்கணவாயில் பனி என்று ரேடியோவில் சொன்னதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பனியில் ஓட்டுவதுதான் உன் வேலை என்று டோனா நினைவுபடுத்தினாள். பின்னால் எமில் இருக்கும்போது நீ மெதுவாகத்தான் ஓட்டியிருப்பாய் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நீ திருகாணி முடுக்கிய நாலாவது பாத்தி கோணலாக இருக்கிறது. நீ இருக்கும்போது சொல்லவில்லை. ஒரு மூலை ஒரு விரல் அளவு தூக்கி நிற்கிறது. உன் அப்பா பார்த்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போட்டிருப்பார். நான் அப்படியே விட்டுவிட்டேன். நேற்று ஹால்வர் மூன்று சாக்கு மேப்பிள் இலை கொண்டுவந்தார். நாலு பாத்திகளையும் மணிக்கட்டு ஆழத்துக்கு மூடினோம். மேலே பறக்காமலிருக்க ஈர வைக்கோல். இனி வசந்தம் வரை அங்கே எனக்கு வேலையில்லை. காலையில் எழுந்தால் வடியவிடத் தார்ப்பாயும் இல்லை. துடைப்பக் கட்டையைக் கையில் எடுத்துவிட்டுப் பிறகு உள்ளே வைத்தேன்.

மூடும்போது பார்த்தேன், இரண்டாவது பாத்தியில் பச்சை முளைகள் எட்டிப் பார்க்கின்றன. பூண்டு. ஹால்வர் வழித்த மண்ணோடு பற்களும் வந்துவிட்டன போலிருக்கிறது. பிடுங்குவதா விடுவதா என்று நீ சொல்.

இப்போது நீ கேட்டது. நீ இங்கே இருந்தபோதே சொல்லியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நீ காபிக் கோப்பையோடு தார்ப்பாய்ப் பக்கம் நின்றபோது சொல்ல வந்தேன். உன் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மருந்து ஏறிய பிறகு அவர் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருந்தார். கடைசிக்கு முந்தைய நாள் மத்தியானம் கண் திறந்தார். என்னைத்தான் பார்த்தார். பார்வை தெளிவாக இருந்தது. "மரீட்டா" என்றார்.

அவர் மறுபடி, "மரீட்டா, வெளிய ஒரே பனியா இருக்கே, நதீன் பஸ்ஸ விட்டு எறங்கிட்டாளா?" என்று கேட்டார்.

ஜூன் மாதம், நதீன். ஜன்னலுக்கு வெளியே ரோஜா பூத்திருந்தது.

நான், "எறங்கிட்டா எமில். உள்ளதான் இருக்கா" என்றேன்.

"பூட்ஸக் கழட்டச் சொல்லு" என்றார். பிறகு தூங்கிவிட்டார். அதற்கப்புறம் அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை.

ஆகவே, கேட்டார். உன்னைக் கேட்டார். என்னிடம் இல்லை, உன் அம்மாவிடம். ஆறுதலுக்காக எதையும் எழுதவேண்டாம் என்றாய், எழுதவில்லை. அந்த அறையில் நான் இருந்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல்தான் இத்தனை மாதம் இருந்திருக்கிறேன். அந்த மண்ணை அவ்வளவு அவசரமாகப் பாத்தியில் போட்டதற்கு மழை மட்டும் காரணமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

குழி தோண்டிய பிறகு எழுது.

அர்லீன்


ப்யூட்
நவம்பர் 8

அன்புள்ள அர்லீன்,

உங்கள் கடிதத்தை என் அறையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு பூட்ஸைக் கழற்றினேன். நாள் முழுக்க ஈரத்தில் ஊறியிருந்தது.

'நான் மரீட்டா இல்ல' என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், என் வாய் அப்படி. நீங்கள் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி உள்ளே கூட்டி வந்துவிட்டீர்கள். அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்த அறையில் நீங்கள் இருந்தீர்கள். வேறு யாரும்தான் இல்லை.

பூண்டைப் பிடுங்கவேண்டாம். வளரட்டும். தின்பதா வேண்டாமா என்பதை ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு நான் வருகிறேன்.

நேற்று காரியம் முடிந்தது. தரை இன்னும் உறையவில்லை, ஆனால் மேல்மண் கரகரவென்று இருந்தது. டெனிஸ் சின்ன இயந்திரத்தால் அம்மாவின் வலப்பக்கம் தோண்டி வைத்திருந்தார். விளிம்பெல்லாம் கையால் நேராகச் செதுக்கியிருந்தார். வண்டியைக் கிட்டத்தில் கொண்டுவந்து பின்கதவைத் திறந்தேன். ஆள் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்ச தூரம் போய்த் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

முதலில் மண்வாரியால்தான் தள்ளினேன். பாதிக்கு வந்ததும் அதை வைத்துவிட்டுக் கையால் தள்ளினேன். கையுறை போட்டிருந்தேன், அதையும் கழற்றிவிட்டேன். ஹால்வர் சொன்னது சரிதான். அவ்வளவு பொலபொலப்பான மண்ணை இந்த ஊரில் நான் தொட்டதில்லை. இங்கே தோண்டினால் கல்லும் களிமண்ணும்தான். வாசனை பார்த்தேன். அப்பா வாசனை ஒன்றும் இல்லை. மழை பெய்த காட்டின் வாசனை. அது எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஜெபம் பாதிதான் ஞாபகம் வந்தது. 'அம்மா, வந்துட்டாரு, பாதிதான்' என்று சொன்னேன். அவள் எதிர்பார்த்திருப்பாள்.

டெனிஸ் பழைய புல்தரையை மேலே பரப்பி மிதிக்கப் போனவர், சட்டென்று காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மிதிங்க. பழகிட்டாரு" என்றேன். அவருக்கு ஹால்வர் கதை தெரியாது. துக்கத்தில் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் மிதித்தார்.

பக்கத்து வரிசையில் ஒரு வயதான அம்மாள் தன் வீட்டுக்காரரின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். நான் கிளம்பும்போது அருகில் வந்தார்.

"யாரும்மா, உங்க வீட்ல?"

"எங்கப்பா."

அவர் சுற்றிலும் பார்த்தார். சவ வண்டி இல்லை, பாதிரியார் இல்லை, ஆட்கள் இல்லை. என் காலி பிக்கப் வண்டியைப் பார்த்தார். "எப்பம்மா கொண்டு வர்றாங்க?" என்று கேட்டார்.

விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மரச்சீவல், உருளை, சட்டம், பாத்தி என்று எங்கே ஆரம்பிப்பது? இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினேன். மணிக்கட்டு வரை கறுப்பாக இருந்தன. நகக்கண்ணில், ரேகையில், மோதிரத்துக்கு அடியில் எல்லாம் மண். அவர் என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. என் கைகளைத் தன் கைகளுக்குள் வாங்கி வைத்துக்கொண்டார். கையை எடுத்தபோது அவர் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளாமலே போனார்.

அதே கைகளோடு வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தேன். சமையலறைக் குழாய்க்கு முன்னால் நின்றேன். திறக்க மனம் வரவில்லை. பிறகு திறந்தேன், அர்லீன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசித்தது.

நதீன்